நீலத்துணி கட்டிய வழி

ஹேவாஹெட்ட,
30.10.1998, வெள்ளி இரவு.

அன்புள்ள அக்கா,

உறையின் பின்புறம் மஸீனா என்ற பெயரைப் பார்த்து யாரோ என்று நினைத்திருப்பாய். மஸீனா என் சிநேகிதி. அவள் வாப்பா மஹ்மூத் நானாவின் புடவைக்கடை விலாசம்தான் அது. எழுதுவது உன் தங்கை தவராணி.

உன் விலாசத்தை, அம்மா சேலைக்கடியில் ஒளித்து வைத்திருக்கும் வாழ்த்து அட்டையில் இருந்து எடுத்தேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். அப்பாவைக் கேட்காமல் நீ அத்தானைக் கட்டிக்கொண்ட செய்தி வந்த நாளில், "பாலம்மான்னு ஒரு மக எனக்குப் பொறக்கல" என்று சொன்னவர், இன்றுவரை அதை மாற்றவில்லை. அவர் அடுத்த அறையில் இருமும்போதெல்லாம் என் பேனா நின்றுவிடுகிறது. விளக்குத் திரியைக் குறைத்து வைத்துத்தான் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

நாலு வருஷம் பேசாமல் இருந்துவிட்டு உதவிக்கு மட்டும் எழுதுகிறாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் கடைசிவரை படி.

திங்கட்கிழமை பெய்த மழையில் மூன்றாம் வளைவில் மண் சரிந்து பாதை போய்விட்டது. பஸ் இல்லை. கண்டியில் இருந்து பாடம் நடத்த வரும் செல்லப்பா சேரும் இல்லை. டிசம்பர் பதினாலாம் தேதி எங்களுக்கு ஓ.எல். அரசாங்கப் பரீட்சை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இருந்து நாங்கள் ஐந்து பெண்கள் எழுதுகிறோம். பரீட்சை மண்டபம் டவுனில் இருக்கிறது. பஸ் இல்லாமல் அங்கே போவதென்றால் மலை உச்சிக்கு ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். அப்பா லயத்தில் வீடு வீடாகச் சொல்லிவிட்டார்: "ஒரு புள்ள கால ஒடச்சிக்கிட்டது போதும். யாரும் மலை தாண்ட வேணாம். பாதை சரியானதும் அடுத்த வருசம் எழுதட்டும்." கங்காணி சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

கால் உடைந்த பிள்ளை யார் என்று உனக்குத் தெரியாது. மூக்காயி அக்காவின் மகள் சுந்தரி. போன வருஷம் கோயில் திருவிழாவுக்கு அவளை மலைக்கு மேலால் கூட்டிக்கொண்டு போனது நான். குறுக்குவழி என்று நான்தான் காட்டினேன். எனக்கு லேசாக இருந்தது, அவளுக்கும் லேசாக இருக்கும் என்று நினைத்தேன். பாதி வழியில் அவள் உருண்டுபோனாள். கண்டி ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தாள். உயிருக்கு மோசமில்லை, ஆனால் வலது முழங்கால் இனி முழுவதும் மடங்காது. மூக்காயி அக்கா என்னோடு பேசுவதில்லை.

அந்தக் காலோடு சரிவில் நின்று தேயிலைக் கொழுந்து பறிக்க முடியாது. படித்தால்தான் அவளுக்குப் பிழைப்பு. அடுத்த வருஷம் என்பதும் அவளுக்குக் கிடையாது. இந்தத் தடவை எழுதவில்லையென்றால் ஜனவரியில் கண்டியில் ஒரு வீட்டுக்கு அடுப்படி வேலைக்கு அனுப்பப் பேசி வைத்திருக்கிறார்கள்.

அவளை நான் கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். பயமாக இருக்கிறது. ஆனால் போகத்தான் போகிறேன்.

உன் அட்டையில் ஒரு வெள்ளை மலையும், அதில் நீலம், சிவப்பு, கறுப்பு என்று கோடுகளும் இருந்தன. பின்னால், "இங்கே அவரவர் காலுக்கு ஏற்ற வழி" என்று எழுதியிருந்தாய். எந்தக் காலுக்கு எந்த வழி என்று அங்கே எப்படிப் பிரிக்கிறார்கள்? எழுது. சீக்கிரம் எழுது.

தவராணி


சுவிஸ்,
10.11.1998.

என் தவராணிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். முதலாளி அம்மா பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் போட்ட ஏழு கடிதங்களில் ஒன்றுக்காவது பதில் வந்திருந்தால் இப்படி அழுதிருக்க மாட்டேன். அதை இப்போது பேசவில்லை. அம்மாவின் சேலைக்கடியில் ஓர் அட்டையாவது இருக்கிறதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் வேலை செய்வது பனிச்சறுக்குச் சாமான் வாடகைக்குக் கொடுக்கும் கடையில். சப்பாத்து மாட்டிவிடுவதும் பலகையைக் காலுக்குப் பூட்டிவிடுவதும் என் வேலை. உன் அத்தான் சண்முகநாதனுக்குக் கம்பிக் கதிரைகளை ஓட்டும் வேலை. நம் தோட்டத்தில் கொழுந்து மூட்டையைக் கம்பியில் தொங்கவிட்டு ஸ்டோருக்கு இறக்குவார்களே, அதுபோல. இங்கே மூட்டைக்குப் பதில் மனுஷர், இறக்குவதற்குப் பதில் ஏற்றுவது. உச்சியில் விட்டதும் அவரவர் வழியைப் பிடித்துச் சறுக்கி இறங்க வேண்டும். நீலம் புதியவர்களுக்கு, சிவப்பு பழகியவர்களுக்கு, கறுப்பு கைதேர்ந்தவர்களுக்கு.

ஆனால் வழிக்கு நிறம் பூசுவது சுலபம், தவராணி. மனுஷருக்கு நிறம் பார்ப்பதுதான் கஷ்டம். இங்கே குடும்பமாக வருவார்கள். புருஷன், "நாங்கள் கறுப்புக்குப் போகிறோம்" என்று நெஞ்சை நிமிர்த்துவான். பெண்டாட்டி அன்றைக்குத்தான் முதல் முதலாகச் சப்பாத்து மாட்டுவாள். முதலாளி அம்மா எனக்குச் சொல்லித் தந்தது இதுதான்: "உங்களுக்கு நன்றாக வருமா?" என்று ஒருவரையும் கேட்காதே, எல்லோரும் வரும் என்றுதான் சொல்வார்கள். கடைசியாக எங்கே இறங்கினீர்கள், எந்த இடத்தில் பயந்தீர்கள் என்று கேள். அதற்குப் பொய் சொல்ல ஆட்களுக்குத் தெரியாது.

இன்னொன்று. ஒரு வழியில் முக்கால்வாசி சமதரையாக இருந்து ஓரிடம் மட்டும் செங்குத்தாக இருந்தால், அந்த ஓரிடத்துக்குரிய நிறம்தான் முழு வழிக்கும். விழுகிறவள் அங்கேதானே விழுவாள்.

சுந்தரி விழுந்தது உன்னால் என்று நினைத்து நினைத்து நீயும் விழுந்துவிடாதே. அப்பா மேல் எனக்கு ஆயிரம் கோபம் இருக்கிறது. ஆனாலும் அவர் பயப்படுவதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. வழிகளை நீயே நடந்து பார்த்துவிட்டு எழுது.

உன் அக்கா


ஹேவாஹெட்ட,
21.11.1998, சனி இரவு.

அன்புள்ள அக்கா,

ஏழு கடிதம் போட்டாயா? சத்தியமாக எனக்குத் தெரியாது. அவை எங்கே போயின என்று ஊகிக்க முடிகிறது. கேட்கத்தான் தைரியம் இல்லை.

உன் கடிதம் வரும் முன்பே நடந்து பார்த்துவிட்டேன். சனிக்கிழமைகளில் அரிசி வாங்கப் போகும் பெரிய பெண்களோடு போக மட்டும் அப்பா விடுவார், அவர்களோடு பழைய வண்டிப்பாதையால் டவுனுக்கு இறங்குவேன். திரும்பும்போது, மஸீனா வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி, ஒவ்வொரு வாரமும் ஒரு வழியால் தனியாக ஏறி வந்தேன். உச்சியில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதுவரை ஒரே வழிதான், மெல்ல ஏறினால் சுந்தரியும் ஏறிவிடுவாள். பாறைக்கு அப்பால் மூன்று வழி பிரிகிறது.

பைனஸ் மரக் காட்டு வழிதான் நல்ல வழி. நிழல், ஊசி இலை உதிர்ந்து காலுக்கு மெத்தென்று இருக்கிறது, கல் கிடையாது, மூச்சே வாங்கவில்லை. அதற்கு நீலம். ஏழாம் நம்பர் மலையின் கற்படி வழியில் நெஞ்சு வலிக்கும் அளவுக்குப் படிகள். அதற்குச் சிவப்பு. வண்டிப்பாதை தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எங்கெங்கோ போகிறது, இரண்டு மணி நேரம் ஆகும். அரிசி மூட்டையோடு அதில் ஏறும் பெண்கள் திட்டாத நாள் இல்லை. அதற்குக் கறுப்பு.

மஸீனா கடையில் வெட்டி மிஞ்சிய நீலத்துணியும் சிவப்புத்துணியும் தந்தாள். கறுப்புக்குக் கிழிந்த குடையை வெட்டினேன். தேயிலைச் செடிகளிலும் மரங்களிலும் கட்டி வைத்திருக்கிறேன். மஹ்மூத் நானா பார்த்துவிட்டு, "என்ன மகள், மலைக்குக் கல்யாணமா?" என்று கேட்டார்.

கூட வருபவர்களில் கமலம் பாய்ந்து ஓடுவாள், மற்ற இரண்டு பேரும் என்னைப்போல. சுந்தரியிடம் இன்னும் சரியாகப் பேசவில்லை. "நொண்டியைத் தூக்கிட்டுப் போய் புண்ணியம் சேக்கப் போறியா?" என்று கேட்டாள். நான் ஓடி வந்துவிட்டேன்.

அக்கா, நீ எந்த நிற வழியில் சறுக்குவாய்? அதை நீ எழுதவே இல்லையே.

தவராணி


சுவிஸ்,
30.11.1998.

தவராணி,

இந்தக் கடிதம் நேரத்துக்கு வந்து சேர வேண்டுமே என்று பதறிக்கொண்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "எவ்வளவு கெட்டிக்காரி, பார்த்தீர்களா" என்று பெருமைப்பட்டேன். உன் அத்தான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "ஓம், கெட்டிக்காரிதான். ஆனா அவள் எல்லா வழியையும் ஏறியல்லோ பாத்திருக்கிறாள். வண்டிப்பாதை தவிர ஒண்டையும் இறங்கிப் பாக்கேல்லையே!" என்றார்.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நானும் அந்த லயத்தில் பிறந்தவள்தானே, அதனால்தான் எனக்கும் படவில்லை. முதுகில் கூடையோடு ஏறி ஏறி, மலையின் கஷ்டம் முழுக்க ஏறுவதில் இருக்கிறது என்று பழகிவிட்டோம். மூச்சு வாங்கினால் கெட்ட வழி, வாங்காவிட்டால் நல்ல வழி. பரீட்சைக்கு அந்த மூன்று வழியில் எதை எடுத்தாலும் நீங்கள் இறங்கத்தான் போகிறீர்கள். பைனஸ் இலை மெத்தென்று இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நனைந்த பைனஸ் இலையில் கீழ்நோக்கி ஒரு கால் வைத்துப் பார்! இங்கே இருக்கும் பனிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இருக்காது.

வண்டிப்பாதை நீளம் என்பதற்காக அதைக் கறுப்பாக்கிவிட்டாய். சறுக்குமலைப் படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன், பார். இதில் எந்தக் கோடு ஆக நீளம்? நீலம்தான். சுற்றிச் சுற்றி வருவதால்தான் அது நீலம். கறுப்பு நேரே இறங்கிவிடும், அதனால்தான் கட்டை.

எல்லாக் கோடும் கீழே ஒரே இடத்தில்தான் முடிகிறது. அதையும் பார். பலவீனமானவளுக்கு ஏற்ற வழிதான் கூட்டத்தின் வழி. ஆனால் பலமுள்ளவளைக் கட்டிப் போட்டால் அவள் பொறுமை இழந்து எல்லோரையும் கெடுப்பாள். அவளுக்கு அவள் வழியைக் கொடுத்து, கூடவே ஒரு வேலையும் கொடு.

கடைசியாக நீ கேட்டது. நான் எந்த வழியிலும் சறுக்கியதில்லை. நாலு வருஷமாக மற்றவர்கள் காலுக்குப் பூட்டிவிடுகிறேன், அவ்வளவுதான். கீழே பார்த்தால் தலை சுற்றுகிறது. மலையில் பிறந்தவள் இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருவருக்கும் சொல்லாதே.

உன் அக்கா


ஹேவாஹெட்ட,
13.12.1998, ஞாயிறு இரவு.

அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்குக் கிடைத்தது. இன்று பின்னேரம் பைனஸ் காட்டில் இறங்கிப் பார்த்தேன். பத்தாவது அடியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே ஒரு மரம்வரை சறுக்கிப் போய் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். முழங்கை தோல் உரிந்துவிட்டது. அந்த மரத்தில் என் நீலத்துணி கட்டியிருந்தது. சுந்தரியை நாளைக்கு இதில்தான் இறக்கியிருப்பேன். இரண்டாவது தடவை.

துணிகளை மாற்றிக் கட்ட நேரம் இல்லாமல் மழையும் இருட்டும் வந்துவிட்டன. ஓடி வந்துவிட்டேன். காலையில் வாயால் சொல்லித்தான் எல்லோரையும் திருப்ப வேண்டும். வண்டிப்பாதை என்றால் நாலரைக்கே கிளம்ப வேண்டும். நாலு வீட்டிலும் மத்தியானமே சொல்லிவிட்டேன். மூக்காயி அக்கா கதவைத் திறந்து கேட்டார், உடனே மூடிவிட்டார்.

இன்னொரு பயம். உன் கடிதத்தையும் படத்தையும் விஞ்ஞானப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் வேறு பக்கத்தில் இருக்கின்றன. அப்பா மழையில் எங்கேயோ போய்விட்டு ராத்திரி எட்டு மணிக்கு நனைந்து வந்து படுத்துவிட்டார்.

அடித்தாலும் போவேன். தபாலில் போட இப்போது வழியில்லை. உனக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அதற்காக எழுதினேன்.

தவராணி


ஹேவாஹெட்ட,
23.12.1998, புதன், பகல் பதினொரு மணி.

அன்புள்ள அக்கா,

பரீட்சை நேற்று முடிந்தது. ஐந்து பேரும் எல்லாப் பாடமும் எழுதிவிட்டோம். சுந்தரியும்தான். முதலில் அதைச் சொல்லிவிட்டேன். இனி ஆறுதலாகப் படி.

முதல் நாள் நாலரைக்கு அம்மா தேத்தண்ணீரும் ரொட்டியும் தந்தாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். வாசலில் மூக்காயி அக்கா சுந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் விட்டார்.

மூடுபனியில் ஓர் அடிக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை. கமலத்துக்குப் பொறுமை இல்லை. "மேல போயி நிக்கிறேன், நீங்க ஊர்ந்து வாங்க" என்று டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கூடவே மற்ற இரண்டு பேரும். நான் சுந்தரியோடு பின்தங்கிவிட்டேன். பாதி ஏற்றத்தில்தான் எனக்கு உறைத்தது. வண்டிப்பாதை என்று மட்டும் சொன்னேனே, துணிகள் பிழை என்று சொல்லவில்லையே! நீலம் நல்ல வழி என்று இரண்டு வாரத்துக்கு முன் அவர்களுக்குப் பாடம் நடத்தியதும் நான்தான். நீலத்தைக் கண்டால் பைனஸ் காட்டுக்குள் இறங்கிவிடுவார்கள். கத்தினேன். பனிக்குள் சத்தம் போகவில்லை. சுந்தரியை விட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை. அந்த அரை மணி நேரத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

பாறைக்கு வந்தோம். மூன்று பேரும் அங்கேயே நின்றார்கள்.

"ஏன்டி, நீலத்த வண்டிப்பாதைக்கு மாத்திட்டியா? சொல்ல மாட்டியா?" என்றாள் கமலம்.

டோர்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தேன். பைனஸ் காட்டு வாசலில் இரண்டு மரத்துக்கும் குறுக்கே என் குடைத்துணி கறுப்பாகக் கட்டியிருந்தது. நீலம் எல்லாம் வண்டிப்பாதை ஓரத்துச் செடிகளில் வரிசையாகப் போயிருந்தது. நான் பூப்போல முடிச்சுப் போடுவேன் அக்கா. இவை அப்படி இல்லை. ஒரு சுற்றுச் சுற்றி, வாலை உள்ளே சொருகி, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு. கொழுந்துச் சாக்குக்குப் போடுவது. நம் தோட்டத்தில் அதை யார் அப்படிப் போடுவார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கமலத்துக்குச் சிவப்பு வழியைக் கொடுத்தேன். "நீ படியால எறங்கி முன்னால போயி, நாங்க வர்றோம்னு மண்டபத்துல சொல்லி வை" என்றேன். பெரிய உத்தியோகம் கிடைத்ததுபோல் ஓடினாள். அப்போது சுந்தரி, "நானும் படியில எறங்குறேன். எனக்காக யாரும் ஊரச் சுத்த வேணாம்" என்றாள். உன்னால முடியுமா என்று வாய்வரை வந்தது. உன் முதலாளி அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

"நேத்து கோயில் படி எறங்குனியே, எங்க கைய ஊணுன?"

முதல் படியைக் காலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "கடைசி மூணு படியில" என்றாள்.

"இங்க அது மாதிரி முந்நூறு இருக்கு."

"அப்ப நீலத்துலயே போய்த் தொலைவோம், டீச்சரம்மா" என்றாள். சிரித்தாள் அக்கா. ஒரு வருஷத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எட்டு மணிக்கு மஹ்மூத் நானா கடைக்கு வந்துவிட்டோம். "காலக் கழுவிட்டுப் போங்க புள்ளைகளா, வினாத்தாளெல்லாம் சேறாகிரும்" என்று வாளியில் தண்ணீர் வைத்தார். மண்டப வாசலில் கமலம் பொலிஸ்காரி மாதிரி நின்றாள். பின்னேரம் திரும்பி வந்தபோது மூக்காயி அக்கா பாறைவரை வந்து காத்திருந்தார். சுந்தரியின் காலைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம், "நாளைக்கும் இதே வழிதானே?" என்று கேட்டார். எட்டு நாளும் அதே வழிதான்.

இதைப் பகலில் எழுதுகிறேன் என்பதை மேலே பார்த்திருப்பாய். நேற்றுப் பின்னேரம் அப்பா என் புத்தகத்தை எடுத்து, நீ அனுப்பிய மலைப்படத்தை உருவி மேசையில் விரித்தார். நான் கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீலக்கோட்டின் மேல் விரலை வைத்து உச்சியில் இருந்து அடிவரை மெல்ல இழுத்தார். வளைவு வந்த இடத்திலெல்லாம் நின்றார். துணியைப் பற்றியும் கேட்கவில்லை, கடிதத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

"இதுல அவ எந்த வழியில எறங்குவா?" என்றார்.

நாலு வருஷத்தில் முதல் தடவையாக உன்னைப் பற்றி ஒரு கேள்வி. நீ ஒருவருக்கும் சொல்லாதே என்றாய். அவர் உன் கடிதத்தைப் படித்துவிட்டவர், அவருக்குப் பதில் தெரியும். ஆனாலும் என் வாயில் இருந்து வர வேண்டும் என்பதுபோல் நின்றார்.

"நீலம்" என்றேன்.

"ம். அதுதான் அவளுக்குச் சரி" என்றார். படத்தை நாலாக மடித்து, தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் அப்பாவிடம் பொய் சொல்லிவிட்டேன் அக்கா. அதை நீதான் சரிசெய்ய வேண்டும். இனிமேல் மஸீனா விலாசத்துக்கு எழுதாதே. வீட்டுக்கே எழுது.

தவராணி


சுவிஸ்,
4.1.1999.

அன்புள்ள அப்பா, அம்மா, தவராணிக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை. என் வீட்டுக்காரர் கம்பிக் கதிரையை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார். உச்சியில் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என் முழங்கால் உயரம்கூட இல்லாத பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போனார்கள். பிறகு நானும் இறங்கினேன். நீல வழிதான். அடிவாரத்துக்கு வர ஒன்றரை மணி நேரம் ஆனது.

தவராணி, நீ சொன்னது பொய்யில்லை. இதை அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

பதினொரு தரம் விழுந்தேன். அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுப் படி.

பாலம்மா